மைதானத்துக்குப் பணம் அனுப்ப நினைக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெர்லினில் குளிர் கூடிவிட்டதாகச் சொன்னாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்டது போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் அலுவலக நண்பர்களும் வருடத்துக்கு மூவாயிரம் யூரோ திரட்டி, கால்பந்தை வைத்துப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். எத்தனை பந்து வேண்டும், என்ன அளவில் ஜெர்சி வேண்டும் என்று பட்டியல் கேட்டாய். வேலைக்காலம் முழுவதையும் மாநகராட்சிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகக் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பந்தும் ஜெர்சியும் வேண்டாம். பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

வடசென்னையில் பந்து வாங்கித் தர ஆள் இருக்கிறது. தலைவர் பிறந்தநாள் வந்தால் கோப்பை வருகிறது, தேர்தல் வந்தால் ஜெர்சி வருகிறது. பை நிறையப் பந்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பந்துக்குக் காற்றடித்து, அடையாளத்துக்குக் கோன் வைத்து, நாற்பது பிள்ளைகளைச் சண்டையில்லாமல் ஆடவைத்து, இருட்டிய பிறகு கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை நிற்கிறவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் மைதானத்தில் இப்போது சொல்லிக்கொடுக்கிற தம்பியை உனக்குத் தெரியும், உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். பகலில் கூரியர் அலுவலகத்தில் மூட்டை பிரிக்கிறான். இரவில் உணவு டெலிவரி ஓட்டுகிறான். அந்த வேலையில் ஆர்டர் குவிவது சாயங்காலத்திலும் இரவு ஒன்பது மணி வரையிலும்தான். பயிற்சி நடப்பதும் அதே சாயங்காலம். மைதானத்துக்கு வருகிற ஒவ்வொரு நாளும் அவன் தன் கைக்காசை விட்டுவிட்டு வருகிறான். போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் எத்தனை நாள் வருவான், சொல்! அவன் வராத சாயங்காலங்களில் பந்து பூட்டிய அறையிலேயே கிடக்கிறது, பிள்ளைகள் ரயில் பாதை ஓரம் போய்விடுகிறார்கள்.

நின்று நிலைத்த இடங்களையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒருவர் நகராமல் நின்றிருக்கிறார். நாகபுரியில் விஜய் பார்சே ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் மழையில் உடைந்த வாளியை உதைத்து ஆடியதைப் பார்த்து 2001-இல் அவர் தொடங்கியதுதான் ஸ்லம் சாக்கர் என்ற அமைப்பு. 2016-இல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் பன்முகத்தன்மை விருது அதற்குக் கிடைத்தது. நம் வியாசர்பாடியில் உமாபதியும் தங்கராஜும் 1997-இல் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு அமைப்பு தொடங்கி, பந்தோடு படிப்பையும் சேர்த்தார்கள். வியாசர்பாடி என்றாலே ரவுடி என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அதே வாயால் குட்டி பிரேசில் என்கிறார்கள். அந்த மாற்றம் ஒரு கோப்பையாலோ ஒரு நாள் விழாவாலோ வந்ததில்லை.

கென்யாவின் தலைநகர் நைரோபியில், மாத்தாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தைப் பற்றி என் மைதானத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள். அங்கே ஓர் அணி கோல் போட்டு மட்டும் லீக்கில் முன்னேற முடியாது. தெருவில் குப்பை அள்ளினால் அதற்கும் புள்ளி உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற, நடுவராக நிற்கிற வளர்ந்த பிள்ளைகளுக்கும் புள்ளி சேரும். அந்தப் புள்ளிகளை வைத்து அவர்களுடைய பள்ளிக் கட்டணத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். உழைக்கிறவருக்கு ஏதோ ஒரு வடிவில் கூலி போய்ச் சேருகிறது, கவனித்தாயா? அந்தச் சங்கத்திலிருந்து கிளைத்த மாத்தாரே யுனைடெட் அணி 2008-இல் கென்யாவின் லீக் சாம்பியனே ஆகிவிட்டது. ஆனால் சாம்பியன் ஆகாமல் இருந்திருந்தாலும் அது நல்ல ஏற்பாடுதான். உன் நண்பர்களிடம் இதை அழுத்திச் சொல். எத்தனை நட்சத்திர வீரர்களை உருவாக்கினீர்கள் என்று எந்த மைதானத்தையும் கேட்கக் கூடாது. போன வருடம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடமும் வருகிறார்கள் என்று கேட்கட்டும், அது போதும்.

பயிற்சியாளருக்கு அடுத்தது சாப்பாடு. மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வரும்போது வயிறு காலியாக இருக்கும். ஓடி முடித்ததும் ஒரு முட்டை, இல்லையென்றால் சுண்டலும் வாழைப்பழமும். ஆறு ரூபாய் முட்டை நாற்பது பேருக்கு ஒரு நாளைக்கு 240 ரூபாய். மாதம் 22 நாள் என்றால் 5,280. வருடத்துக்கு 63,360 ரூபாய். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று தோராயமாகப் போட்டால் உன் பணத்தில் 634 யூரோ. ஓர் அணிக்கு நல்ல ஜெர்சியும் பூட்ஸும் வாங்க ஆகிற செலவில் ஒரு வருடம் முழுவதும் நாற்பது பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்துவிடலாம். பூட்ஸும் ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும், வளருகிற கால் அல்லவா? கட்டாயம் பந்துதான் வாங்க வேண்டும் என்றால் கையால் தைத்த விலை உயர்ந்த பந்து வேண்டாம். நம் கல்லும் மண்ணும் நிறைந்த திடலில் தையல் சீக்கிரம் விட்டுப்போகும். ஜலந்தரில் செய்கிற சாதாரண ரப்பர் பந்துதான் இங்கே தாங்குகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைத்தேன். எட்டாம் வகுப்பு வரை பையன்களுக்கு ஈடாக ஓடுகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். வீட்டில் விடவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டபோது காரணங்கள் மிகச் சிறியவையாக இருந்தன. மைதானத்துக் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சாயங்காலம் சிறுநீர் கழிக்க இடம் இல்லாததால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் ஒன்றரை மணி நேரம் ஓடினால் தலை சுற்றாதா? ஒரு பெண் மயங்கி விழுந்த மறுநாளே மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள். கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கி, சுத்தம் செய்கிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் பேசி, முழங்காலை மறைக்கிற லெக்கிங்ஸும் உள்ளே போட நல்ல விளையாட்டு உள்ளாடையும் வாங்கிக் கொடுத்து, இருட்டிய பிறகு தெருமுனை வரை கூட நடக்க ஓர் அக்காவை ஏற்பாடு செய்தால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். இதற்கெல்லாம் யாரும் நிதி கொடுப்பதில்லை. கழிப்பறைச் சாவியோடு யார் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்?

அம்மாக்களிடம் பேசும்போது நான் கடலூர் இந்துமதி கதிரேசனைச் சொல்வேன். இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன் ஆனதையும் சொல்வேன். அப்போது அந்த அம்மாக்களின் முகம் மாறும். ஜார்க்கண்டில் யுவா என்ற அமைப்பு 2009-இல் கிராமத்துப் பெண்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைக்கிற ஊர்கள் அவை. அந்தப் பெண்கள் 2013-இல் ஸ்பெயினுக்குப் போய் ஒரு போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். பிறகு அந்த அமைப்பு அவர்களுக்காகப் பள்ளிக்கூடமே நடத்தியது. அது போல இங்கேயும் நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது பாப்பா.

இன்னொன்றையும் முயற்சி செய்து வருகிறோம். கொலம்பியாவின் ஆண்ட்ரேஸ் எஸ்கோபார் 1994 உலகக் கோப்பையில் தன் அணியின் வலையிலேயே சேம்சைடு கோல் போட்டுவிட்டு ஊர் திரும்பியதும் மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார் அல்லவா? அதே நகரில் யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர் இரண்டு வருடம் கழித்து, தெருச்சண்டையில் ஊறிய இளைஞர்களுக்காக ஒரு ஆட்டமுறையைத் தொடங்கினார். நடுவர் கிடையாது. ஆணும் பெண்ணும் கலந்த அணி. முதல் கோலைப் பெண்தான் போட வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளும் உட்கார்ந்து விதி பேசுகின்றன. ஆடி முடித்த பிறகும் உட்கார்ந்து, நேர்மையாக ஆடினோமா என்று பேசி அதற்கும் புள்ளி போட்டுக்கொள்கின்றன. இன்று பல நாடுகளில் இதை ஆடுகிறார்கள்.

நாங்கள் சனிக்கிழமைகளில் இப்படி ஆடவைக்கிறோம். போன வாரம் ஆட்டம் முடிந்து வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "இவன் எனக்குப் பந்தே தரவில்லை, முதல் கோல் ஆகிற வரைக்கும்தான் தந்தான்" என்று ஒரு பையனைக் கைநீட்டிச் சொன்னாள். அவன் மறுத்தான். அவனுடைய அணிப் பையன்களே, "ஆமாம், தரவில்லை" என்றார்கள். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவன், தன் அணிக்கு நேர்மைப் புள்ளி ஒன்று குறைத்துக்கொள்ளலாம் என்று அவனாகவே சொன்னான். அந்தப் புள்ளியால் அவர்கள் தோற்றார்கள். வீட்டில் அண்ணன் அடித்தால் வாயைத் திறக்காத பெண் அவள். இந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆகிற செலவு கோடு போட ஒரு சுண்ணாம்பு மூட்டை, அவ்வளவுதான்.

இனி பணம் அனுப்புகிற வழி. இதில் அம்மா கண்டிப்பாகத்தான் இருப்பேன். இந்த மைதானத்துப் பயிற்சியை நடத்துகிற நம் சங்கம் 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. வெளிநாட்டு நிதி வாங்க மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும், அது நம்மிடம் இல்லை. அதற்கான பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடங்களில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். முட்டையும் சுண்ணாம்பும் வாங்குகிற சங்கம் அந்தத் தொகையை எங்கே பார்க்கும்? முன்பு பெரிய அமைப்புகள் வாங்கிச் சின்னவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 சட்டத் திருத்தம் அதையும் தடுத்துவிட்டது. சின்ன உதவி யாருக்கு அதிகம் பயன்படுமோ அவர்களுக்குத்தான் அது வந்து சேர வழியில்லாமல் இருக்கிறது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

ஆனால் உன் சேமிப்பு வேறு. நீ இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும்வரை, உன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியில் சேராது. ஜெர்மன் குடியுரிமை எடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். நண்பர்களிடம் வாங்கி உன் கணக்கில் போட்டு உன் பெயரில் மட்டும் அனுப்பாதே. நல்ல காரியத்துக்கு என்றாலும் அது பொய்க் கணக்கு.

அவர்கள் பணத்துக்கு வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன. 2017-இல் ஸ்பெயின் கால்பந்து வீரர் ஹுவான் மாட்டா தன் சம்பளத்தில் ஒரு சதவீதத்தைக் கொடுத்துத் தொடங்கிவைத்த காமன் கோல் என்ற அமைப்பு உன் ஊரிலிருந்தே நடக்கிறது. மேலே சொன்ன கிரீஸ்பெக்கும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கென்யாவின் கிலிஃபியில் பெண்களுக்காகவே நடக்கிற மூவிங் தி கோல்போஸ்ட்ஸ் என்ற கால்பந்து அமைப்பையும் பார்க்கச் சொல்.

யாருக்குக் கொடுத்தாலும் மூன்று வருடத்துக்குக் கொடுங்கள். ஒரு வருடம் கொடுத்து நிறுத்தினால் நம்பி வேலையைக் குறைத்துக்கொண்ட பயிற்சியாளர் நடுத்தெருவில் நிற்பார். இருபது பக்க அறிக்கை கேட்காதீர்கள், ஒரு பக்கமும் வரவுசெலவுக் கணக்கும் போதும். பிள்ளைகளைத் தனியாக யாரிடமும் விடுவதில்லை, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். அதில் தயங்குகிற இடத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் போட்டு, சேரிப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்று எழுதி நிதி திரட்டவும் வேண்டாம். அவர்கள் வளர்ந்து வேலை தேடும்போது அந்தப் படம் கூடவே வரும்.

முடிவெடுக்கும் முன் அந்தத் தம்பியிடம் நீயே பேசு. அவன் கூச்சப்படுவான், எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எதுவும் வேண்டாம் அக்கா என்பான். சாயங்காலம் டெலிவரியில் எவ்வளவு கிடைக்கும் என்று கேள், அந்தக் கணக்கை ஒளிக்காமல் சொல்வான். அதிலிருந்து தொகையை நீ போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பான். பேசிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுது, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குள் தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா