இன்ஃபோகாம் இடறிய இடம்

அன்புள்ள கயல்,

எல்லாக் கருவியிலும் ஓடும் கேம் இன்ஜினை (விளையாட்டுகளை இயக்கும் அடிப்படை மென்பொருளை) நீங்களே எழுதுவதாகவும், பிறகு அதன் மேலேயே அலுவலக மென்பொருளும் செய்யப் போவதாகவும் எழுதியிருந்தாய். முதல் பாதியைப் படித்து மனசு நிறைந்தது. இரண்டாம் பாதிதான் இன்ஃபோகாமை நினைக்க வைத்தது.

எம்.ஐ.டி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் 1979-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய நிறுவனம் அது. கையிலிருந்த சரக்கு ஜோர்க் என்ற கணினி விளையாட்டு. படமே கிடையாது, வாக்கியம் தட்டச்சு செய்து விளையாட வேண்டும். ஓடியதோ பி.டி.பி.-10 என்ற பெரிய கணினியில். அதை வீட்டுக் கணினிக்குள் அடக்க, நிறுவனர்களில் இருவரான மார்க் பிளாங்கும் ஜோயல் பெரெஸும் கண்ட வழி இசட்-மெஷின். நிஜத்தில் இல்லாத ஒரு கணினிக்காக விளையாட்டை ஒரே தடவை எழுதிவிடுவது. நிஜக் கணினி ஒவ்வொன்றுக்கும், அந்தக் கற்பனைக் கணினிபோல நடந்து விளையாட்டை ஓட்டும் சின்ன இன்டர்பிரெட்டர் ஒன்று போதும்.

அந்தச் சிக்கனத்தை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்று எழுத்துகள், எழுத்துக்கு 5 பிட், ஆக 15 பிட்; 2 பைட்டில், அதாவது 16 பிட்டில், அடங்கும். மிஞ்சும் ஒரு பிட் அந்த உரைத்துண்டு முடிந்ததா என்பதைச் சொல்லும். மாறக்கூடிய தரவும் அகராதி போன்ற சிலவும் மட்டும் எப்போதும் நினைவகத்தில் இருக்கும். மற்றதைத் தேவைப்படும்போது ஃபிளாப்பியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இசட்-மெஷினின் மூன்றாம் பதிப்பில் ஒரு விளையாட்டுக்கு உச்சவரம்பு 128 கிலோபைட். அகராதி ஒரு சொல்லின் முதல் 6 எழுத்தைத்தான் பார்க்கும்; அதற்குள் ஒத்துப்போகும் இரண்டு சொற்களைப் போட்டால் விளையாட்டு குழம்பிவிடும். இவ்வளவு செய்தும் முழு ஜோர்க் அடங்காமல் மூன்றாக வெட்டினார்கள்.

ஆப்பிள், அட்டாரி, கொமோடோர் என்று ஆளுக்கொரு கணினி விற்ற காலம். புதிதாக ஒன்று கடைக்கு வந்தால் இன்டர்பிரெட்டர் ஒன்றை எழுதினால் போதும், பழைய விளையாட்டுகள் அத்தனையும் அதில் விற்பனைக்குத் தயார். எனக்கு இன்றும் வியப்பான வேலை அது.

1985-இல் கார்னர்ஸ்டோன் என்ற டேட்டாபேஸ் (தகவல்களைத் தொகுத்து வைக்கும்) மென்பொருளை 495 டாலருக்கு வெளியிட்டார்கள். அதுவும் இதே போன்ற கற்பனைக் கணினியின் மேல்தான் ஓடியது. ஆனால் அதற்குள் அலுவலகங்களில் ஐ.பி.எம். பி.சி. நிலைத்துவிட்டது. பல கணினிகளில் ஓடுவதால் வாங்குபவருக்கு ஒரு லாபமும் இல்லை. இன்டர்பிரெட்டரின் மந்தம் மட்டும் அவர் தலையில். போட்டியாளரான டிபேஸில் நிரல் எழுத மொழி இருந்தது, இதில் இல்லை. சுமார் 10,000 பிரதிதான் விற்றது. விலையை 99.95 டாலருக்கு இறக்கியும் பயனில்லை. விளையாட்டில் சம்பாதித்த பணம் இதில் கரைந்து, ஆட்குறைப்பு வந்து, 1986-இல் ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனம் 75 லட்சம் டாலருக்கு நிறுவனத்தை வாங்கியது. 1989-இல் கேம்பிரிட்ஜ் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். படங்களோடு வந்த விளையாட்டுகள் எழுத்து விளையாட்டின் சந்தையைச் சுருக்கியதும் உண்மைதான். ஆனாலும் கையில் பணம் இருந்திருந்தால் அந்த மாற்றத்தை நின்று சமாளித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

உன் கணினியில் ஃபிராட்ஸ் என்ற இன்டர்பிரெட்டரை நிறுவி ஜோர்க்கை ஓட்டிப் பார். பிறகு அந்தக் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருளில்) திற. முதல் பைட் பதிப்பு எண். பூஜ்யத்திலிருந்து எண்ணி 14, 15-ஆம் பைட்டுகளைப் பார்த்தால் மாறாத பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அதற்கு முன்னால் இருப்பதையும், ஸ்டாக்கையும் (நிரல் தற்காலிகமாகக் குறித்து வைக்கும் அடுக்கையும்), நிரல் நிற்கும் இடத்தையும் சேமித்தாலே ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் சேமிப்புக் கோப்பு பெரிதாகிறது என்றாயே, அதற்கு இது உதவும்.

அலுவலக மென்பொருளை வாங்கப் போகிறவர்களிடம் எத்தனை வகைக் கணினி இருக்கிறது என்று முதலில் விசாரி. ஒரே வகைதான் என்றால் இன்ஜினைத் தொடாமல் நேரடியாக எழுதுங்கள். அதற்கான பணம் கேம் கணக்கிலிருந்து போகிறதா, தனியாக வைத்திருக்கிறீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா