பலகை உயரம் போதும், பாப்பா

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம், முழங்கால் வழக்கம்போல. தம்பிக்கு நீ அனுப்புகிற வீடியோக்கள் அவன் வழியாக எனக்கும் வந்துவிடுகின்றன. அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன். எனக்கு நேரே அனுப்பினால் என்ன என்று கேட்க மாட்டேன். அனுப்பினால் நான் கேள்வி கேட்பேன் என்று உனக்குத் தெரியும். சரி, இந்தக் கடிதத்தில் கேள்வி கிடையாது. நீ பழகுகிற ட்ரையல் சைக்கிளைப் பற்றி, தடைகளின் மேல் கால் ஊன்றாமல் ஓட்டுகிற அந்த விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலேயே சாயாமல் நிற்பது உனக்கு வந்துவிட்டது. பெடல் இரண்டும் தரைக்கு மட்டம், இடது கால் முன்னால், இரண்டு பிரேக்கும் பூட்டியிருக்கிறது, சாய்வைக் கையால் சரிசெய்யாமல் இடுப்பாலும் முழங்காலாலும் சரிசெய்கிறாய். தவறும்போல இருந்தால் இரண்டு சக்கரத்தையும் ஒருசேரத் தூக்கி ஒரு சின்னத் துள்ளல், மறுபடி சமநிலை. முன்பு முன்சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாய். தலை போகிற பக்கம்தானே உடம்பும் போகும், அதனால் விழுந்துகொண்டே இருந்தாய். இப்போது நாலைந்து மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பார்க்கிறாய். இதை உனக்கு யார் சொல்லித் திருத்தினார்களோ, அவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது பின்சக்கரத் துள்ளல். இதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி, பின் பிரேக்கைப் பூட்டி, பின்சக்கரத்தின் மேல் மட்டும் நின்று குதிக்கிறாய். குதிக்கிறாய் என்பது சரி, ஆனால் ஹாண்டில்பாரை நெஞ்சுக்கு இழுத்து முழங்கையை மடக்கிக்கொள்கிறாய். அப்படிச் செய்தால் உன் எடை பின் அச்சுக்கு முன்னால் வந்துவிடுகிறது, முன்சக்கரம் விழப் பார்க்கிறது, அதைத் தூக்கிப் பிடிக்கவே தோளின் பலமெல்லாம் தீர்ந்துபோகிறது. கை நீண்டே இருக்கட்டும், கயிறு மாதிரி. இடுப்பு பின்னால் போகட்டும். எடை பின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிட்டால் கைக்கு அங்கே பெரிதாக வேலை கிடையாது. மூச்சு வாங்காமல் குதிக்க முடிந்தால் சரியான இடத்தில் நிற்கிறாய் என்று அர்த்தம். உனக்கு வாங்குகிறது, வீடியோவில் கேட்கிறது.

பெடல் கிக், அதாவது பின்சக்கரத்தில் நின்றபடி ஒரே மிதியில் முன்னே தாவுவது, அதைப் பற்றி நீ தம்பியிடம் புலம்பினாயாம், தள்ளுகிற பலத்துக்கு வண்டி முன்னே போகவில்லை என்று. நான் அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பலம் குறைவு இல்லை. பின் பிரேக்கை முழுக்க விடாமலே மிதிக்கிறாய். பாதி பலத்தைப் பிரேக் தின்றுவிடுகிறது. முதலில் எடை கொஞ்சம் முன்னே சாயட்டும், பிரேக்கை முழுக்க விடு, உடனே மிதி, அந்த மிதியோடு சேர்ந்து இடுப்பு எழும்பட்டும். சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில் பூட்டு. விடுவதும் பூட்டுவதும் ஒற்றை விரலில் நடக்க வேண்டும். நீ இரண்டு விரலால் பிடிக்கிறாய். மீதி இரண்டு விரலும் கட்டை விரலும் மட்டும் ஹாண்டிலில் இருந்தால் தரை இறங்கும்போது பிடி நழுவத்தான் செய்யும். லீவரை உள்ளே தள்ளி வைத்து, ஒரு விரலின் நுனி மட்டும் அதன் முனையில் படுகிற மாதிரி பொருத்து.

உன் சைக்கிள் 20 இஞ்ச். முன்னால் 18 பல், பின்னால் 12 பல். பெடலைத் தாங்குகிற கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று. டயரோடு சேர்த்து சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீ மிதிக்கிற கால் சுற்றுக்கு வண்டி 60 சென்டிமீட்டர் போக வேண்டும். 26 இஞ்ச் வண்டியில் 18க்கு 15 பல் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதிலும் கால் சுற்றுக்கு 60ஐ ஒட்டித்தான் வருகிறது. சக்கரம் மாறினாலும் மனுஷக் கால் ஒன்றுதான் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது. முன்னே மிதித்தால் மட்டும் கவ்வுகிற ஃப்ரீவீலைப் பின்சக்கரத்தில் வைக்காமல் கிராங்கில் வைத்ததும் பிடித்தது. ஒரு சுற்றுக்கு 108 இடத்தில் கவ்வினால் மூன்று பாகைக்குச் சற்று மேலே மிதித்ததும் பிடித்துவிடும். 18 இடத்தில் மட்டும் கவ்வுகிற ஃப்ரீவீலாக இருந்தால் 20 பாகை வரை வெறும் காற்றை மிதிப்பாய், அதற்குள் துள்ளல் முடிந்துபோகும். ரிம்மைக் கிரைண்டர் வைத்துச் சொரசொரப்பாக்கியது மட்டும் எனக்கு ஆறவில்லை. காலமெல்லாம் இரும்பை மெருகேற்றிச் சம்பளம் வாங்கியவன் நான். பிரேக் அப்படித்தான் கவ்வும் என்கிறார்கள், சரி.

ஃப்ரீவீல் முன்னால் இருப்பதால் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் உனக்குச் சொன்னார்களா தெரியவில்லை. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் செயின் நிற்கும். உன்னுடையதில் பின்பல் சக்கரத்தோடு இறுக்கமாக இருக்கிறது, அதனால் பின்சக்கரம் சுற்றுகிற வரைக்கும், நீ மிதிக்காவிட்டாலும், செயின் ஓடிக்கொண்டே இருக்கும். ஷூ கயிற்றை உள்ளே செருகு. தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு விரலால் செயினைத் தொடாதே. பக்கத்தில் ஒருவர் இருந்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவார்.

அதைத்தான் சொல்ல வந்தேன். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

முந்தைய வீடியோக்களில் ஒரு குரல் கேட்கும், “பிரேக்கை விடு, இப்போ மிதி” என்று. படமும் உன்னோடு கூடவே நகர்ந்து வரும். இப்போது படம் நகர்வதில்லை. கீழே எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் போகிறாய், நீ ஓரத்துக்குப் போனால் பாதி சைக்கிள்தான் தெரிகிறது. கேமராவைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்தக் கோணத்தில் இடுப்பு எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியாது. படம் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் தவறைச் சொல்லுவார், விழுந்தால் கை கொடுப்பார், ஃபோன் செய்வார். டேனி மக்காஸ்கில் 2009இல் ஒரு வீடியோவால் உலகத்துக்குத் தெரியவந்தாரே, சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தவர், கூர் முனை வைத்த வேலியின் மேலே ஓட்டியவர். அவர் கேமராவைத் தரையில் வைத்துவிட்டு ஓட்டவில்லை. மாதக்கணக்கில் ஒரு நண்பர் கூடவே போய்ப் பிடித்த படம் அது.

போன வாரம் வந்த வீடியோவில் மூன்று பேலட், சரக்கு ஏற்றுகிற மரத்தட்டு, அடுக்கியிருக்கிறாய். எதிரே இன்னொரு மூன்று. நடுவில் இடைவெளி. ஒரு பேலட் 14, 15 சென்டிமீட்டர், மூன்றுக்கு 45 வரும். 45 சென்டிமீட்டர் ஒன்றுமில்லை என்று சொல்வாய். பின்சக்கரத்தில் நீ நிமிர்ந்து நிற்கும்போது அந்த அடுக்கின் மேலே உன் தலை இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது, பாப்பா. தரையில் பழகும்போது பின்னால் சாய்ந்தால் சீட் இல்லாத வண்டி, காலைப் பின்னே வைத்து இறங்கிவிடலாம். சீட் இல்லாததன் சௌகரியமே அதுதான். அடுக்கின் மேலே நின்று பின்னால் சாய்ந்தால் கால் வைக்க அங்கே தரை ஏது? பழகிய கால் பழகிய இடத்தில் தரையைத் தேடும்.

அதனால் சொல்கிறேன், இப்போதைக்கு ஒரு பலகை உயரம் போதும். தரையில் ஒரு கோடு போட்டுக்கொள். 60 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. ஒன்றின் மேலிருந்து இன்னொன்றுக்குப் பெடல் கிக். பின்சக்கரம் கோட்டின் மேலேயே இறங்க வேண்டும், இறங்கியதும் ஒரு துள்ளல்கூட இல்லாமல் நிற்க வேண்டும். அது தவறாமல் வந்த பிறகு ஒரு பலகை. யாரையாவது கூட வைத்துக்கொண்டு அப்புறம் ஒரு பேலட். போட்டியில் ஓட்டுகிறவர்கள்கூட, ஒவ்வொரு பகுதியையும் ஓட்டுவதற்கு முன்னால் காலால் நடந்து பார்க்கிறார்கள். பழைய கணக்கில் கால் ஊன்றினால் ஒரு புள்ளி, ஐந்தானால் அந்தப் பகுதி போயிற்று, புள்ளி குறைந்தவர் ஜெயித்தவர். கால் ஊன்றினால் தண்டனை ஒரே ஒரு புள்ளிதான். நீ என்னவோ கால் ஊன்றுவதை அவமானம் மாதிரி நினைக்கிறாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், விழுந்தால் யாரும் பார்த்தார்களா என்றுதான் முதலில் பார்ப்பாய். அந்தப் பச்சை சைக்கிள் சமாச்சாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மார்டின் ஆஷ்டன் என்று ஒருவர். பிரிட்டனில் இந்த விளையாட்டில் பெரிய ஆள். 2013இல் கூட்டத்துக்கு முன்னால் வித்தை காட்டும்போது உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. அவ்வளவு தேர்ந்தவர். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இதைப் படித்த அன்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் அப்புறம் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி மாற்றி அமைத்த வண்டியில் மறுபடி மலையில் இறங்கினார் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான்.

அம்மாவுக்கு வீடியோவில் உன் இடது மணிக்கட்டில் ஏதோ கட்டு தெரிகிறதாம். கையுறையின் பட்டை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கையுறையாகவே இருக்கட்டும். கை ஊன்றி விழுந்து, கட்டை விரலுக்கு அடியில் அழுத்தினால் வலித்தால், சும்மா சுளுக்கு என்று விட்டுவிடாதே. அந்த இடத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, அதன் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். போ. எடு. கூட யாரையாவது அழைத்துப் போ. யாரும் இல்லையென்றால் நான் வருகிறேன், டிக்கெட் எடுப்பது எனக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை.

வீட்டுச் செய்தி எழுத இடமில்லாமல் போய்விட்டது. சித்தி பெண்ணுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். நீ வருவாயா, எத்தனை பேராக வருவாய் என்று சித்தி கேட்டாள். “அவளுக்கு வேலை அதிகம்” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த விளையாட்டின் கதையைத் தேடும்போது ஒரு அப்பாவைப் பற்றிப் படித்தேன். ஸ்பெயினில் கட்டலோனியாவில் பெத்ரோ பி என்கிற மோட்டார் சைக்கிள் சாம்பியன், தன் மகனுக்காக ஒரு சைக்கிளை ட்ரையல் மோட்டார் சைக்கிள் மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன் ஓட் பி பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனான். நீங்கள் எல்லோரும் ஓட்டுகிற வண்டிக்கு அங்கேதான் வேர் இருக்கிறது. நான் சாம்பியன் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தொன்பது வயதில் யாராவது புதிதாக இதைக் கற்பார்களா என்று மாமா சிரித்தார். கற்கிறாள், நின்ற இடத்தில் நிற்கிறாள், உம்மால் முடியுமா என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் பேசவில்லை. பேசுவார்.

ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மின் நான்கு போல்ட்டையும் ஒன்று மாற்றி ஒன்றாக, சம அளவில் இறுக்கு. ஸ்டெம்மை ஒட்டிய இடத்தில் ஹாண்டில்பாரைத் துணியால் துடைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பார். அலுமினியம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு உடைகிற உலோகம் இல்லை. ஒரு கீறல் தெரிந்தாலும் மாற்றிவிடு, காசு நான் தருகிறேன். ஹெல்மெட் உண்டா என்று கேட்கவில்லை, வீடியோவில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே காப்பு இல்லை. அந்தப் பெடலின் பற்கள் காலைக் கிழித்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. உன் செயினை அளந்து எழுது. ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி, 24 கண்ணி தள்ளி இருக்கிற பின்னின் நடுவரை. புதிதாக இருந்தால் 304.8 மில்லிமீட்டர். 306ஐத் தாண்டிவிட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெடல் கிக் நடுவில் செயின் தாவினால் முகம் நேரே ஸ்டெம்மில்தான் போய் மோதும். நீ எடுத்துப் போன என் வெர்னியர் அவ்வளவு நீளம் போகாது, இரும்பு ஸ்கேலால் அள. செயினை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பெடலைக் காலால் அழுத்திக்கொண்டு அள. அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை. எழுதினாலும் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா