வாசலில் வந்து கேட்பவர்கள்

ரெடிங், இங்கிலாந்து
டிசம்பர் 2025

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, அவர் சொன்னால் கேட்கமாட்டார்.

"கபிலனை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறாயே, அங்கே யாரும் வந்து கேட்கமாட்டார்களா?" என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே சட்டம் 1944லிருந்தே ஒன்றைத்தான் சொல்கிறது: பிள்ளைக்குக் கல்வி கொடுக்கவேண்டியது பெற்றோரின் கடமை, அது பள்ளியிலோ வேறு வகையிலோ இருக்கலாம். அந்த "வேறு வகை"யில்தான் நாங்கள் இருக்கிறோம். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன், பள்ளியிலிருந்து என் மகன் பெயரை எடுத்துவிட்டார்கள். அரசுப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்றுகூட இல்லை. கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூர் நிர்வாகத்திலிருந்து, வருஷத்துக்கு ஒரு தரம் என்ன படிக்கிறான் என்று கேட்டு எழுதுவார்கள், நான் நாலு பக்கம் பதில் எழுதி அனுப்புவேன். 2024 இலையுதிர் பருவத்தில் இங்கிலாந்தில் இப்படி வீட்டில் படித்தவர்கள் ஏறக்குறைய 1,11,700 பேர் என்று அரசே கணக்குச் சொல்கிறது.

அவனை ஏன் நிறுத்தினேன் என்று உனக்குத் தெரியும். எட்டு வயதில், காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுப்பான். பள்ளியில் கேட்டால் "இங்கே நன்றாகத்தான் இருக்கிறான்" என்பார்கள். ஒரு வருஷம் போராடிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

முதல் தடவை கவுன்சிலிலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தபோது மணிச் சத்தம் கேட்டதும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குக் கை நடுங்கியது. அந்த அம்மா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டு மட்டும் வெளியே வந்தது. தோசை மாவு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பொங்குகிறது என்று அளந்து எழுதி, கட்டம் போட்டு வரைந்திருந்தான். "குளிர்காலத்தில் என்ன செய்வாய்?" என்று கேட்டார். "ஹீட்டர் பக்கத்தில் வைப்போம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்றைக்கு நான் அழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இனி மனதை அறுப்பதைச் சொல்கிறேன். இங்கே வோக்கிங் என்ற ஊரில் சாரா ஷரீஃப் என்று ஒரு பத்து வயதுப் பெண். 2023 மார்ச்சில் முகத்தில் காயத்தைப் பார்த்துப் பள்ளி புகார் கொடுத்தது. சில நாளிலேயே விசாரணையை மூடிவிட்டார்கள். ஏப்ரலில் அப்பன் "வீட்டில் படிக்க வைக்கிறேன்" என்று பள்ளியிலிருந்து எடுத்துவிட்டான். ஆகஸ்டில் வீட்டிலேயே செத்துப்போனாள். அவளைக் கொன்றதற்காக அப்பனுக்கும் சித்திக்கும் ஆயுள் தண்டனை விதித்தது 2024 டிசம்பர் 17. அதே நாளில்தான் அரசு புது மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தது. அது சட்டமானால், பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கவுன்சிலும் பதிவேடு வைக்கவேண்டும். பாதுகாப்பு விசாரணையில் உள்ள பிள்ளையை அனுமதி இல்லாமல் பள்ளியிலிருந்து எடுக்கக்கூடாது. இதை எழுதும் 2025 டிசம்பரில் மசோதா நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இருக்கிறது.

வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர்களான எங்கள் குழுவில் பாதிப் பேர் கொதிக்கிறார்கள். "நம்மையெல்லாம் குற்றவாளி மாதிரி பார்க்கிறார்கள்" என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. போன மாதம் சாரா பற்றிய மறுஆய்வு அறிக்கை வந்தது. வீட்டுக் கல்வியைப் பார்க்கும் ஊழியர்கள் ஆகஸ்ட் 7ஆம் தேதி அவளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், ஆனால் பழைய விலாசத்துக்கு. மறுநாள் அவள் இறந்துவிட்டாள். கமலா, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்தே அதிகாரிகளுக்குத் தெரிந்த பிள்ளை. தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, விலாசத்தைத் திருத்தவில்லை. பதிவேட்டில் இன்னொரு வரி சேர்த்தால் மட்டும் இது சரியாகிவிடாது.

ஆனாலும் நான் பதிவேடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பெயரும் விலாசமும் கொடுப்பதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? அனுமதி விதியும் நியாயம்தான், அது அன்றே இருந்திருக்கவேண்டும். எனக்கு ஒத்துவராதது, யார் எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றும் எழுதிக் கொடுக்கச் சொல்வது. தோசை மாவை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பேன்? படிவம் நிரப்பத் தெரியாத குடும்பங்கள் தவிக்கும், நிரப்பத் தெரிந்த கொடியவன் அழகாக நிரப்பிக் கொடுப்பான். பிள்ளையை நேரில் பார்க்கட்டும், உட்கார்ந்து பேசட்டும். அதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், பணம் வேண்டும். இங்கே கவுன்சில்களில் அதற்குத்தான் தட்டுப்பாடு.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வெயிலில் தெருத்தெருவாக அலைந்தவள் நீ. செங்கல் சூளையிலும் போய்க் கேட்டதாக எழுதியிருந்தாய். அங்கே அம்மாக்கள் பயந்து பிள்ளையை உள்ளே அனுப்பும்போது முதல் வார்த்தையாக என்ன சொல்வாய்? ஜனவரியில் எங்கள் குழுவும் கவுன்சில் ஆட்களும் உட்கார்ந்து பேசப்போகிறோம். நீ சொல்வதை அங்கே சொல்லலாம் என்று இருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் பதில் எழுது.

கபிலன் உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறான், கூடவே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தி