மச்சானுக்கு, திருகோணமலையிலிருந்து

அன்புள்ள மச்சான்,

"ஊரில் பாட்டு, கூத்து ஏதாவது நடக்குதா, இல்லை எல்லாரும் போனுக்குள்ளேயா?" என்று கேட்டிருந்தாய். ரெண்டும்தான்.

போன கிழமை மூதூர்ப் பக்கம் ஒரு கோயிலில் கூத்து என்று கேள்விப்பட்டுப் போனேன். கிண்ணியாப் பாலம் வந்த பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்தால் சரி. நாங்கள் லோஞ்சுக்குக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. வட்டக் களரி, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில். அருச்சுனனாக ஆடியவன் பகலில் ஓட்டோ ஓட்டுகிறவனாம். பன்னிரண்டு மணியோடு அரைவாசிச் சனம் எழும்பிப் போய்விட்டது. முன்னுக்கு இருந்த கிழவிகள் மட்டும் அசையவில்லை. பிற்பாட்டுக்காரர் வாய் திறக்க முதலே அடுத்த அடியை அவர்கள் பாடிவிடுகிறார்கள்! ஒரு மணி போல அருச்சுனனின் சதங்கை மணி ஒன்று அறுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. அவன் குனிந்தும் பார்க்கவில்லை, அண்ணாவியார் மத்தளத்தை இன்னும் விரைவாக்கினார். பிறகு கொடுக்கலாம் என்று சட்டைப் பைக்குள் போட்டவன் அப்படியே மறந்துபோனேன்.

சங்கீதம் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. டவுனில் ஒரு மண்டபத்தில் கச்சேரி என்று போனால், பிரதம விருந்தினரும் சிறப்பு விருந்தினர்களும் ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். பாட வந்த பிள்ளைக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதிலும் மைக் இரைச்சல்.

அப்புறம், டச் பே பக்கம் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் பிரமிளின் கவிதைகளை வாசித்தோம். பத்துப் பேர், ஒரு கேத்தில் தேத்தண்ணி. கடல் காற்றில் தாள் பறக்காமல் ஆளுக்கொரு பேணியைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஏ. எல். படிக்கிற பெட்டை ஒருத்தி, "இவர் தமிழ்நாட்டுக் கவிஞர் என்றல்லோ நினைத்தேன்" என்றாள். அவள் பிழை இல்லை. 1939இல் இங்கே பிறந்து, இருபது வயதளவில் சென்னை 'எழுத்து' பத்திரிகையில் எழுதத் தொடங்கிய தருமு சிவராம்தான் அந்தப் பிரமிள் என்று யார் அவளுக்குச் சொன்னது? எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனவர், 1997இல் வேலூர்ப் பக்கம் கரடிக்குடியில் அடக்கம். அவருடைய இலக்கியச் சண்டைகள் எனக்கு எப்போதும் அலுப்புத்தான். அந்த இறகுக் கவிதையை மட்டும் அன்று அவளைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தோம்.

'ரன்முத்து தூவ' படம் ஞாபகமா? வெள்ளைக்காரன் கமெராவோடு கடலுக்குள் இறங்கினான் என்று உன் அப்பா சொல்லுவாரே, அதுதான். 1962இல் வந்த முதல் சிங்கள வண்ணப் படம். எடுத்த மைக் வில்சன்தான் 1956இல் நம்ம கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் கோயில் இடிபாடுகளைக் கண்டவர். பின்னாளில் சாமியாராகிப் பெயரையும் சிவ கல்கி என்று மாற்றிக்கொண்டார்! படத்தை இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. நீ வா, சேர்ந்து பார்ப்போம்.

அந்தச் சதங்கை மணி இப்போது என் மேசையில் கிடக்கிறது. ஞாயிறு மூதூருக்குப் போய், ஓட்டோ ஸ்டாண்டில் அருச்சுனனைத் தேட வேண்டும்.

உன்,
பழைய மச்சான்