ஐந்தாவது நட்டு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து உன் கார்ச் சக்கரத்தின் அந்த ஐந்தாவது நட்டுதான் கண்முன் நிற்கிறது. நான்கு கழன்றுவிட்டன, ஒன்று மட்டும் அசையவில்லை, ஸ்பேனர் வழுக்கி வழுக்கி அதன் முனைகள் மழுங்கிவிட்டன, காலையில் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துப் பார்க்கப்போகிறேன் என்றாய். வேண்டாம், அம்மா. இதைப் படித்து முடிக்கும் வரை அதைத் தொடாதே.

நீ பிறந்த வருடம் நானும் அப்படித்தான் மிதித்தேன். அதுவும் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவைத்துவிட்டு. மழை, இருட்டு, அவசரம். நட்டு கழலவில்லை, வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்தது. உள்ளே உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனவே முதலில் வண்டியைத் தரையில் இறக்கு. ஹேண்ட் பிரேக்கைப் போடு, கியரில் நிறுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடு. பிறகு, கழற்றிய நான்கு நட்டுகளையும் திரும்பப் பூட்டி இறுக்கு. இது உனக்கு விசித்திரமாகப் படும். நான்கும் இல்லாதபோது சக்கரத்தைப் பிடித்திருக்கும் இழுவிசை முழுவதையும் அந்த ஒற்றை நட்டு தாங்குகிறது. நான்கும் இறுகினால் அதன் மேல் உள்ள அழுத்தம் கொஞ்சமாவது குறையும். சில சமயம் இது ஒன்றே போதும், நட்டு இளகிக் கொடுத்துவிடும்.

அடுத்து, பலத்தைப் பற்றி யோசிக்காதே, பிடியைப் பற்றி யோசி. நட்டின் ஆறு முனைகள்தான் நமக்கு இருக்கும் பிடி. ஒவ்வொரு முறை ஸ்பேனர் வழுக்கும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்துபோகிறது, தேய்ந்தது திரும்பி வராது. உன் சாக்கெட்டின், அதாவது நட்டின் மேல் கவிந்து பிடிக்கும் ஸ்பேனர் முனையின், வாயைத் திருப்பிப் பார். உள்ளே பன்னிரண்டு மூலைகள் இருந்தால் அது நட்டை முனைக்கு அருகிலேயே பிடிக்கும், மழுங்கிய நட்டில் சுழன்றுவிடும். ஆறு மூலை உள்ள சாக்கெட் நட்டின் தட்டையான பக்கங்களை அழுத்திப் பிடிக்கும். அதைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனி. நட்டின் மேல் பளபளப்பான தகட்டுத் தொப்பி இருக்கிறதா? அதன் அடியில் துரு ஏறினால் தகடு உப்பிவிடும். 19 மி.மீ. சாக்கெட் ஏறாது, பெரியதைப் போட்டால் தளர்ந்து ஆடும். நட்டு உருண்டுபோவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அப்படி இருந்தால் தகட்டை உளியால் மெதுவாகக் கிளப்பி உரித்துவிடு. உள்ளே கெடாத முனைகளோடு, அளவில் சற்றுச் சிறிய நட்டு இருக்கும்.

துருவை இளக்கும் எண்ணெயை நட்டு சக்கரத்தோடு சேரும் இடத்திலும், ஸ்டட்டின் (நட்டு ஏறும் திருகுக் கம்பியின்) நுனி வெளியே தெரிந்தால் அங்கேயும் அடி. பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. ஓர் இரவு விட்டுவிடு. நடுவில் இரண்டு மூன்று முறை நட்டின் தலையில் சுத்தியலால் தட்டு, அதிர்வில் எண்ணெய் மரைக்குள் (திருகுச் சுருளுக்குள்) இறங்கும். இந்தக் காத்திருப்புதான் உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காத்திரு.

மறுநாள், நட்டின் அளவைவிட ஒரு மி.மீ. சிறிய பழைய சாக்கெட்டை அதன் மேல் வைத்து, நேராகச் சுத்தியலால் அடித்து இறக்கு. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடிக்காதே. கடினமான இரும்பிலிருந்து சில்லு தெறித்தால் கண் போய்விடும். பிறகு நீண்ட கைப்பிடியை மாட்டு. 25 செ.மீ. கைப்பிடியைவிட 75 செ.மீ. கைப்பிடியில் அதே கைக்கு மூன்று மடங்கு திருகுவிசை கிடைக்கும், ஏறி நிற்கத் தேவையே இல்லை. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை அசைத்துப் பார், துருப் பிடிப்பு உடையும். அதன்பின் இடப்பக்கம், குலுக்காமல், நிதானமாக இழு. அதிலும் வழுக்கினால், உள்ளே எதிர்த்திசையில் சுருள் வெட்டப்பட்ட தனி சாக்கெட் கிடைக்கிறது. திருப்பத் திருப்ப நட்டின் உடம்பில் கடித்து இறங்கும். மழுங்கிய நட்டுக்கென்றே செய்தது அது.

தீ வைத்துச் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பக்கத்தில் டயர் இருக்கிறது, அடித்த எண்ணெய் இருக்கிறது. சூடேறிய டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உளியால் நட்டைப் பிளப்பதும் துளையிடுவதும் மெக்கானிக்கின் வேலை, அவரிடம் விட்டுவிடு. ஸ்டட் முறிந்தாலும் பதறாதே. அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது போடுவார்கள்.

இந்த நட்டைக் கடைசியாகப் பூட்டியவர் மேல் எனக்குக் கோபம்தான். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் துப்பாக்கியை வைத்து அளவு பார்க்காமல் இறுக்கிவிட்டுப் போகிறார்கள், பிறகு தனியாக நிற்கும் யாரோ ஒருவர் அதோடு போராட வேண்டியிருக்கிறது. நீ அப்படிப் பூட்டாதே. ஸ்டட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெயைத் துடைத்துவிடு. மரை எண்ணெயோடு இருந்தால் அதே திருகலுக்கு அளவுக்கு மீறி இறுகும். மரை சிதைந்திருந்தால் ஸ்டட்டையும் மாற்று. நட்டுகளைக் கையால் ஏற்றி, பக்கத்தில் பக்கத்தில் போகாமல் எதிரெதிராக இறுக்கு. முடிவில் டார்க் ரெஞ்ச், அதாவது திருகுவிசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர். பல கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், உன் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் இருக்கிறது, அதையே வை. 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்.

கழன்ற நட்டைத் தூக்கி எறிந்துவிடாதே. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்றின் மரை இடைவெளி 1.5 மி.மீ., மற்றதில் 1.25 ஆக இருக்கும். புதியது வாங்கும்போது அதைக் காட்டி, அடியில் உள்ள சரிவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கு. கழன்றதும் எந்த நேரமானாலும் கூப்பிடு, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா