கிளினிக் நாளும் கூலி நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலவச மருத்துவம் இருந்தும் வன்னிச் சனம் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். முற்றிய பிறகுதான் வருகிறார்கள், சரி. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சீனி வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக். விடியப்புற பஸ்ஸைப் பிடித்தால்தான் நம்பர் கிடைக்கும். பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோ, அதற்கு ஒரு நாள் கூலி போதாது. கச்சான் பிடுங்கும் காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் குனிந்து நிற்பார். இரண்டு மாதம் போகவில்லை. மூன்றாம் மாதம் போனபோது மருந்துக்கு முன்னர் ஏச்சு கிடைத்தது. அப்புறம் போகவே கூச்சம். மிச்சமிருந்த குளிசையைப் பாதி பாதியாக முறித்துப் போட்டு நாளைக் கடத்தினார். காலில் முள் குத்திய இடம் ஆறவில்லை. இப்போது இரண்டு விரல்கள் இல்லை. மருந்துக்கென்று அவரிடம் யாரும் ஒரு சதமும் வாங்கவில்லை என்பது உண்மைதான்!

தட்டில் பாதி மரக்கறி இருக்கவேண்டும் என்கிறது கிளினிக்கில் கொடுத்த துண்டுப்பிரசுரம். அக்காவின் தட்டில் சோறும் சம்பலும். இன்சுலின் போடுகிறவர்கள் பாடு இன்னொரு கதை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்முட்டித் தண்ணீருக்குள் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் வேலை பார்த்தவர். தேவை கூடிய இடத்துக்குத்தான் நல்ல மருத்துவம் குறைவாகப் போகிறது என்று 1971இல் எழுதினார். அங்கேயும் மருத்துவம் இலவசம்தான். இங்கே 2016 கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் வறுமை 4.1 வீதம், கிளிநொச்சியில் 18.2 வீதம். போரில் பட்ட ஷெல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு கூலிக்குப் போகிறவர்களும் இந்தக் கணக்குக்குள்தான்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. சீனி கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம். மருத்துவமாது ஊருக்குள் போகும்போது வராதவர் வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். பிந்தி வருகிறவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்கள், பதிலைக் கேட்கவும் ஒரு நிமிடம் நிற்கவேண்டும்.

ஒரு வாசகர்,
முல்லைத்தீவு மாவட்டம்.