சப்வூஃபர் வாங்குமுன் மெயின் ஸ்பீக்கரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோம் தியேட்டர் வாங்குவது பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ரீவியின் அளவு, ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருந்தார்கள். அடிச்சத்தத்துக்கென்றே உள்ள பெட்டியான சப்வூஃபரை மட்டும் 'எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது' என்ற ஒரே வரியோடு விட்டுவிட்டார் கட்டுரையாளர். சுன்னாகத்தில் அம்ப்ளிஃபையர் திருத்துகிறவன் நான். இந்த மாதிரி வரிகளால்தான் எனக்குப் பாதி வேலை வருகிறது, கோபிக்க நியாயமில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் அதிகம் காண்பது இதுதான்: ரீவிக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கள், மூலையில் 12 அங்குல சப்வூஃபர். 3 அங்குலக் கோன் உள்ள அந்தக் குட்டிகள் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடும் (ஹேர்ட்ஸ் என்பது ஒலி ஒரு விநாடியில் அதிரும் எண்ணிக்கை, எண் குறையக் குறைய அடிச்சத்தம்). சப்வூஃபரை 80 ஹேர்ட்ஸில் வெட்டினால், அதாவது அதற்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் அதற்குக் கொடுத்தால், நடுவில் பெரிய பள்ளம். ஆண்குரலின் அடிச்சுரம் பெரும்பாலும் 85 முதல் 155 ஹேர்ட்ஸுக்குள் இருப்பதால், குரலின் அடிப்பாகம் அந்தப் பள்ளத்துக்குள் போய் விழும். சரி, சப்வூஃபரை 150 வரை ஏற்றிவிடலாமே என்பார்கள். ஏற்றலாம். ஆனால் 80க்குக் கீழே உள்ள ஒலிதான் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்கு லேசில் பிடிபடாது. மேலே போகப்போகப் பிடிபட்டுவிடும். கதாநாயகனின் தகப்பன் திரையில் நின்று கதைப்பார், அவருடைய குரலில் பாதி யன்னலடி மூலையிலிருந்து வரும். இதைச் சரியாக்கித் தரச் சொல்லி சப்வூஃபரை என்னிடம் தூக்கி வருவார்கள். சப்வூஃபரில் ஒரு பிழையும் இருக்காது.

ஆகவே கணக்கை மெயின் ஸ்பீக்கரில் தொடங்க வேண்டும். அது எவ்வளவு கீழே இறங்கும் என்று கையேட்டில் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே கிராஸ்ஓவரை, அதாவது ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையை, வையுங்கள். 60 ஹேர்ட்ஸ் வரை இறங்குகிற ஸ்பீக்கருக்கு 80 பொருந்தும். 90 வரைதான் இறங்கும் என்றால் 120. அதற்கும் மேலே வைக்க வேண்டி வந்தால், சப்வூஃபருக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை எடுத்து முன்னால் நல்ல ஸ்பீக்கர் வாங்குவதுதான் புத்தி. உயரமான டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் அம்ப்ளிஃபையர் பெட்டியான ரிசீவரில் அதை 'ஸ்மோல்' என்று போட மானப் பிரச்சினையாக நினைக்கிறார்கள். அது பெட்டியின் அளவைச் சொல்லும் சொல் இல்லை. அடிச்சத்தத்தைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்ற கட்டளை, அவ்வளவுதான். இன்னொன்று, ரிசீவர் இந்தப் பிரிப்பைச் செய்யும்போது சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகியை உச்சத்தில் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலியை இரண்டு தரம் வெட்டியதாகிவிடும்.

அடுத்தது எங்கள் ஹோல்கள். சீமெந்துச் சுவர், மாபிள் தரை, நாலு கதிரை. மரச்சட்டத்தில் பலகை அடித்த வெளிநாட்டு வீட்டுச் சுவர் அடிச்சத்தத்தில் கொஞ்சத்தை விழுங்கும். எங்கள் சுவர் விழுங்காது, திருப்பி அடிக்கும். 12 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே 47 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி நிற்கும். ஒரு கதிரையில் நெஞ்சு அதிரும், நடுவில் போட்ட கதிரையில் ஒன்றும் கேட்காது. பெட்டியை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், சீர் கெடும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நீங்கள் இருந்து படம் பார்க்கும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, அடிச்சத்தம் நிறைந்த பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டியின் இடம். வீட்டுக்காரர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இடம் பிடித்த பிறகு, கிராஸ்ஓவர் வைத்த அளவிலேயே ஒரு ஒலியை (80 என்றால் 80 ஹேர்ட்ஸ்) மெயின் ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் சேர்த்துப் போட்டுவிட்டு வழக்கமான கதிரையில் இருங்கள். சப்வூஃபரின் பின்னால் 0, 180 என்று இருக்கும் சுவிச்சை வேறொருவர் மாற்றட்டும். எதில் சத்தம் கூடக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடலாம். குறைந்து கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். ரிசீவர் தானே மைக் வைத்து அளக்கும்போது சப்வூஃபரின் தூரத்தை நாடாவில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தப் போகாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் அது தூரமாகவே கணக்கிடுகிறது.

கடையில் உங்களுக்கு எப்போதும் குண்டு வெடிக்கிற காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அதில் எந்தச் சப்வூஃபரும் பாஸாகிவிடும். ஒரு தவில் தனியாவர்த்தனத்தைப் போடச் சொல்லுங்கள். இடப்பக்கமான தொப்பியில் விழும் கழியும் வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரலும் ஒரே தவிலில் விழுவதுபோல் கேட்க வேண்டும். தொப்பி ஒரு மூலையிலும் வலந்தலை இன்னொரு மூலையிலும் நின்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.

பி.கு.: கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சப்வூஃபர்களில் பல 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்தவை. எங்கள் கறண்ட் 230. பின்பக்கத் தகட்டை வாசிக்காமல் பிளக்கைச் செருக வேண்டாம். ட்ரான்ஸ்ஃபோமர் வாங்குவதானால் அந்தத் தகட்டில் உள்ள வொட்ஸைவிடத் தாராளமாகத் தாங்கக்கூடியதாக வாங்குங்கள்.